ஒரு சின்ன ப்ராக்ஸி சைட்டை வித்தது: எப்போ வித்தோம், யாருக்கு வித்தோம், எங்க கோட்டை விட்டோம்

இது 2009 ஆகஸ்ட்ல ஆரம்பிச்சு 2010 கடைசி வரைக்கும் நடந்த விஷயம். சைட் என்னோடது இல்ல. கூட வேலை பாத்த ஒருத்தரோட தம்பி, காலேஜ் படிச்சிட்டு இருந்த பையன், அவன் ஆரம்பிச்சது. நான் சர்வர் பக்கம் கொஞ்சம் ஒத்தாசை பண்ணேன், விக்கற நேரத்துல யோசனை சொன்னேன், அந்த யோசனைல ஒண்ணு சரியா சொதப்பிடுச்சு, அதனாலதான் உக்காந்து இதை முழுசா எழுதறேன். சைட் பேரு, வாங்கினவங்க பேரு எதுவும் போடல. காசு எல்லாம் டாலர்ல இருக்கும், ஏன்னா விளம்பர வருமானமும் வித்த விலையும் அதுலதான் வந்துச்சு.

பின்னணி

வெப் ப்ராக்ஸின்னா தெரியாதவங்களுக்கு ரெண்டு வரி. ஒரு பக்கத்துல ஒரு பெட்டி இருக்கும், அதுல போக வேண்டிய அட்ரஸை டைப் பண்ணா நம்ம சர்வர் அந்தப் பக்கத்தை எடுத்துட்டு வந்து காட்டும். ஸ்கூல்லயோ ஆபீஸ்லயோ சில சைட்டைத் தடுக்கறதுக்கு வெச்சிருக்கற ஃபில்டருக்கு நம்ம டொமைன் (சைட்டோட அட்ரஸ்) மட்டும்தான் தெரியும், பையன் உள்ள மைஸ்பேஸ் பாக்கறானா ஃபேஸ்புக் பாக்கறானான்னு தெரியாது. அப்போ இதுக்கு சிஜிஐ ப்ராக்ஸி, பிஹெச்ப்ராக்ஸி, க்ளைப்னு ரெடிமேட் ஸ்கிரிப்ட் எல்லாம் இருந்துச்சு, தம்பி போட்டது க்ளைப். ஸ்கிரிப்ட்டை அப்லோட் பண்ணி லோகோவை மாத்தினா சைட் ரெடி, அரை நாள் வேலை. அதனாலதான் தினமும் நூத்துக்கணக்குல புதுசு புதுசா வந்துட்டு இருந்துச்சு, அதே வேகத்துல செத்துட்டும் இருந்துச்சு.

இவன் மத்தவங்களை விட மூணு விஷயம் சரியா பண்ணிருந்தான். டொமைன் பேருல ப்ராக்ஸிங்கற வார்த்தையே வரல, ஏதோ ஹோம்வொர்க் சைட் மாதிரி ஒரு பேரு, ஸோ அட்ரஸ்ல அந்த வார்த்தை இருந்தாலே தடுக்கற ஃபில்டர்ல மாட்டல. க்ளைப்போட டிஃபால்ட் ஃபைல் பேரு ப்ரௌஸ்.பிஹெச்பி, அந்த அட்ரஸ் அமைப்பை வெச்சே கண்டுபிடிக்கற ஃபில்டரும் இருந்துச்சு, அதையும் பேரு மாத்தி வெச்சுட்டான். அப்புறம் பல பேரோட சைட் ஒரே சர்வரைப் பங்கு போட்டுக்கற ஷேர்டு ஹோஸ்டிங்ல போடாம, சர்வர்ல தனக்குன்னு ஒரு பங்கை ஒதுக்கித் தர்ற விபிஎஸ் ஒண்ணு சின்னதா எடுத்துட்டான், 512 எம்பி ரேம். ஷேர்டுல ப்ராக்ஸி போட்டா பாதி ஹோஸ்ட்டுங்க அக்கவுன்டையே மூடிடுவாங்க, அவங்களைச் சொல்லியும் குத்தமில்ல, ப்ராக்ஸில ஒவ்வொரு பக்கமும் ஒரு தடவை உள்ள வந்து ஒரு தடவை வெளிய போகுது, பேண்ட்வித் டபுள், அதுல யாராச்சும் வீடியோ பாத்தா முடிஞ்சுது.

விபிஎஸ், டொமைன், இதர செலவு எல்லாம் சேத்து மாசம் சுமார் 40 டாலர். வருமானம் முதல் பக்கத்துல இருக்கற ஆட்சென்ஸ், அதாவது கூகுள் குடுக்கற விளம்பரம். ப்ராக்ஸி வழியா வர்ற அடுத்தவங்க பக்கத்து மேல ஆட்சென்ஸ் போடக்கூடாதுன்னு ஆரம்பத்துலயே தெளிவா இருந்தோம், அங்க வேற ஒரு நெட்வொர்க்கோட சின்ன பேனர் மட்டும்.

ஏறுமுகம், வந்த முதல் விலை, நான் சொன்ன யோசனை

செப்டம்பர்ல வெளிநாட்டுல ஸ்கூல் திறந்ததும் ட்ராஃபிக் வர ஆரம்பிச்சுது. அந்த மாசம் கையில நின்னது 12 டாலர், அக்டோபர்ல 80. நவம்பர் நடுவுல ஒரு நாளைக்கு 3,100 பேர் வந்தாங்க, அந்த மாசக் கடைசில வருமானம் 210, செலவு போக 170. ப்ராக்ஸி சைட்டுங்களை வரிசைப்படுத்திக் காட்டற டாப்சைட் லிஸ்ட்ல போட்டு ஆரம்பத்துல கொஞ்சம் தள்ளி விட்டான், அதுக்கப்புறம் பசங்க வாய்வழியா சொல்லிச் சொல்லியே பரவிடுச்சு.

அந்த நவம்பர் நடுவுலதான் ஒருத்தர் மெயில் போட்டாரு. அவரே நாலஞ்சு ப்ராக்ஸி வெச்சிருக்கவரு. 1,000 டாலர் தர்றேன், இந்த வாரமே முடிச்சுக்கலாம்னு கேட்டாரு.

தம்பி எனக்கு போன் பண்ணான். "அண்ணே, இன்னும் ஏறிட்டே இருக்குண்ணே, இப்பவே குடுத்துடணுமா?"

நான் சொன்னது இன்னும் ஞாபகம் இருக்கு. "அவசரப்படாதடா. மூணு மாச வருமானக் கணக்கு காட்டினா விலை ரெண்டு மடங்காகும், ஜனவரி வரைக்கும் வெய்ட் பண்ணு."

இந்த யோசனை எங்கிருந்து வந்துச்சுன்னா, அதுக்கு முன்னாடி நான் ரெண்டு கட்டுரை சைட் வித்திருந்தேன். கட்டுரை சைட்டுல கணக்கு சேரச்சேர வாங்கறவனுக்கு நம்பிக்கை கூடும், கூகுள்ல ரேங்க் நிக்கும், விலை ஏறும். அதே பழக்கத்துல யோசிக்காம சொல்லிட்டேன். ப்ராக்ஸில கணக்கு சேந்துட்டு இருக்கற அதே நேரத்துல சரக்கு கெட்டுப்போயிட்டு இருக்குங்கறது எனக்கு அப்போ உறைக்கல. அந்த 1,000 டாலர்காரர் ஒரு வாரம் பாத்துட்டு வேற சைட் வாங்கிட்டு போயிட்டாரு.

டிசம்பர்: விக்கப் போய் அசிங்கப்பட்டது

டிசம்பர் மூணாவது வாரத்துல தம்பிக்கு செமஸ்டர் டென்ஷன், எனக்குத் தெரியாமயே சைட்டை ஏலத்துக்கு போட்டுட்டான். வெப் டெவலப்பர்களுக்கான சைட்பாயின்ட்ல இருந்து பிரிஞ்சு, வெப்சைட்டுங்களை ஏலம் விடற ஃப்ளிப்பா அந்த வருஷம்தான் தனியா வந்திருந்துச்சு, சின்ன சைட் விக்கறவங்க எல்லாரும் அங்கதான் போவாங்க. ஆனா போட்ட நேரத்தை பாருங்க, ஸ்கூல் எல்லாம் கிறிஸ்துமஸ் லீவு விட்ட வாரம். கிராஃப் மலை உச்சில இருந்து கிணத்துக்குள்ள விழுந்த மாதிரி இருக்கு, 3,000 இருந்த இடத்துல 700. லீவுனாலதான்னு விளக்கம் எழுதி வெச்சிருந்தான், யாரு நம்புவா? ஏலத்துல கேட்ட அதிகபட்ச விலை 150 டாலர். இதுக்குக் கீழ தரமாட்டேன்னு வெச்ச ரிசர்வ் விலையை எட்டல, ஏலம் முடிஞ்சுது, லிஸ்டிங் ஃபீஸ் நஷ்டம். டிசம்பர் மாசம் செலவு போக நின்னது 90.

பணம் பெரிய நஷ்டமில்ல. பிரச்சினை என்னன்னா ஏலத்துல விக்காம போனது அங்கேயே பதிவா நிக்கும், அடுத்த தடவை போடறப்போ எவனாச்சும் அதை தோண்டி எடுத்து கேப்பான். கேக்கவும் கேட்டாங்க.

ஜனவரில உக்காந்து பாத்தது

லீவு முடிஞ்சு எல்லாரும் திரும்பி வந்தா பழையபடி 3,000 வரும்னு நெனச்சோம், 2,200தான் வந்துச்சு. ஏன்னு தேடறப்போதான் கூகுள் அனலிட்டிக்ஸ்ல நெட்வொர்க் லொகேஷன்னு ஒரு ரிப்போர்ட் இருக்கறதை ஒழுங்கா பாத்தேன். வர்றவங்க எந்த நெட்வொர்க்ல இருந்து வர்றாங்கன்னு அப்போ அது பேரோட காட்டும். வீட்டு இன்டர்நெட்டுன்னா டெலிகாம் கம்பெனி பேரு வரும், ஸ்கூல்னா அந்தப் பள்ளி மாவட்டத்தோட பேரே வரும்.

நவம்பர்ல அதிகமா வந்த முதல் 12 பள்ளி நெட்வொர்க்கை ஒரு ஷீட்டுல போட்டு ஒவ்வொண்ணுக்கும் நாள் வாரியா எண்ணிக்கையை எழுதினேன். பிப்ரவரி 1 அன்னைக்கு பாக்கறப்போ 12ல 7 சைபர் ஆயிடுச்சு. அதுவும் மெல்ல மெல்ல குறைஞ்சு சைபர் ஆகல, திங்கள் 170, செவ்வாய் 180, புதன் 4, வியாழன் 0, அதுக்கப்புறம் என்னைக்கும் 0. அந்த 4 பேரு பிளாக் பண்ணிட்டு வேலை செய்யுதான்னு செக் பண்ண ஐடி ஆளுங்களா இருக்கும்னு தம்பி சொல்வான். ரெண்டு மாவட்டம் ஒரே நாள்ல போயிருந்துச்சு, ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமே இல்லாத இடம். அப்படின்னா தனித்தனியா யாரோ கண்டுபிடிச்சு தடுக்கல, ஃபில்டர் விக்கற கம்பெனி தன்னோட லிஸ்ட்ல நம்ம டொமைனை ப்ராக்ஸின்னு சேத்துடுச்சு, அந்த ஃபில்டரை வாங்கின எல்லா இடத்துலயும் ஒரே அடில போயிடும்.

இது தெரிஞ்சதும் கிராஃபோட அர்த்தமே மாறிடுச்சு. மொத்த எண்ணிக்கை 3,100ல இருந்து 2,200க்கு வந்ததை பாத்தா ஏதோ கொஞ்சம் மந்தமா இருக்கற மாதிரிதான் தெரியுது, உள்ள பாத்தா பழைய கூட்டத்துல பாதிக்கு மேல நிரந்தரமா போயாச்சு, புதுசா சின்னச் சின்ன ஸ்கூல்ல இருந்து வர்றவங்க அந்த ஓட்டையை மூடி வெச்சிருக்காங்க. ஓட்டை பக்கெட்ல தண்ணி பிடிக்கற கதை, குழாயை மூடினா எவ்ளோ நேரத்துல காலியாகும்னு பாக்கணும்.

இன்னொண்ணும் தெரிஞ்சுது, சனி ஞாயிறு ட்ராஃபிக் கிட்டத்தட்ட இல்லவே இல்ல. அப்போ இது முழுக்க முழுக்க ஸ்கூல் கூட்டம். ஜூன்ல இருந்து ஆகஸ்ட் வரைக்கும் பெரிய லீவு, அது முடிஞ்சு வர்றப்போ இந்த டொமைன் எந்த ஃபில்டர்லயும் தப்பிச்சிருக்க வாய்ப்பு இல்ல.

ஜனவரி கடைசில வேற ஒரு தலைவலி. ஹோஸ்டிங் கம்பெனில இருந்து ஒரு அப்யூஸ் கம்ப்ளெய்ன்டை ஃபார்வர்ட் பண்ணாங்க, யாரோ நம்ம ப்ராக்ஸி வழியா போய் ஒரு சைட்டுல கண்டபடி ஸ்பேம் கமென்ட் போட்டிருக்கான், 24 மணி நேரத்துல பதில் சொல்லணும். யாரு எப்போ எங்கிருந்து வந்தாங்கன்னு சர்வர் எழுதி வெக்கற ஆக்ஸஸ் லாக் 7 நாள் வெச்சிருந்ததால எந்த ஐபின்னு எடுத்து தடுத்துட்டோம், அந்த சைட்டையும் பிளாக் லிஸ்ட்ல சேத்துட்டோம், முடிஞ்சுது. ஆனா தம்பிக்கு அன்னைக்கு ராத்திரி தூக்கமில்ல. அடுத்தவன் பண்றதுக்கு வெளிய தெரியறது நம்ம சர்வர் அட்ரஸ்தானேங்கறது அப்போதான் அவனுக்கு முழுசா புரிஞ்சுது.

என்ன பண்ணலாம்னு யோசிச்சது

மூணு வழி இருந்துச்சு. சாகற வரைக்கும் வெச்சிருந்து வர்றதை எடுத்துக்கறது, இப்பவே விக்கறது, இல்லன்னா தொழிலா பண்றவங்க மாதிரி ரெண்டு மூணு வாரத்துக்கு ஒரு புது டொமைன் போட்டு பழைய கூட்டத்தை அங்க தள்ளிட்டே இருக்கறது. மூணாவதுதான் உண்மையா காசு வர்ற வழி, ஆனா அது முழுநேர வேலை, பரீட்சை எழுதற பையனுக்கு ஆகாது.

முதல் வழிக்கு ஒரு கணக்கு போட்டோம். ஜனவரில வருமானம் 185, செலவு போக 145. அந்த ஷீட்டுல இருக்கற வேகத்தை வெச்சு பிப்ரவரி 120, மார்ச் 100, ஏப்ரல் 85, மே 65, ஜூன் 10, அதுக்கு மேல ஒண்ணுமில்ல. கூட்டினா 380. ஸோ 380க்கு மேல எவ்ளோ கிடைச்சாலும் விக்கறதுதான் லாபம், அதுக்கு கீழன்னா வெச்சுக்கலாம். இந்த ஒரு நம்பர் கையில இருந்ததுதான் அப்புறம் நடந்த எல்லாத்துலயும் உதவுச்சு, பேரம் பேசறப்போ பதட்டமே வரல.

மேல் விலைக்கு, மூணு மாச சராசரி லாபம் 135 வருது, நவம்பர் 170, டிசம்பர் 90, ஜனவரி 145. அந்த மார்க்கெட்ல நாங்க பாத்த வரைக்கும் ப்ராக்ஸிக்கு ஆறு மாச லாபத்துக்கு மேல யாரும் குடுக்கல, அப்போ உச்சமே 810. இதைப் போட்டு பாத்ததும் எனக்கு நவம்பர்ல வந்த 1,000 ஞாபகம் வந்துச்சு. தம்பி ஒண்ணும் சொல்லல. நான்தான் "உன்னை கெடுத்துட்டேன்டா"ன்னு சொன்னேன், "விடுங்கண்ணே"ன்னுட்டான்.

லிஸ்டிங்ல எவ்ளோ சொல்றதுன்னு ஒரு விவாதம். அந்த 12 நெட்வொர்க் ஷீட்டை வாங்கறவங்களுக்கு காட்டணுமா? காட்டினா விலை குறையும். நான் காட்டலாம்னு சொன்னேன், தர்மத்துக்காக மட்டும் இல்ல. இந்தத் தொழில்ல இருக்கறவனுக்கு டொமைன் பிளாக் ஆகும்னு தெரியாதா, நாம மறைச்சா அவன் இதைவிட மோசமா கணக்கு போட்டுக்குவான். தெரியாத புது ஆளு எவனாச்சும் ஆசைல வாங்கினா ஒரு மாசத்துல திரும்பி வந்து சண்டை போடுவான், பேபால்ல காசை திரும்பக் கேட்டு டிஸ்ப்யூட் போடுவான். அப்யூஸ் கம்ப்ளெய்ன்ட் வந்ததையும் எழுதினோம், டிசம்பர்ல ஏலம் ஓடாததையும் எழுதினோம். இந்த தடவை பிப்ரவரி முதல் வாரம், லீவே இல்லாத நாலு வாரம் தொடர்ச்சியா கிராஃப்ல தெரியற மாதிரி பாத்து போட்டோம்.

ரெண்டு பேரு வந்தாங்க

முதல் ஆளு 900 டாலர். நாங்க போட்ட 810ஐ விட அதிகம், தம்பி குதிச்சான். ஆனா அவர் கேட்ட கேள்வி எல்லாம் வேற மாதிரி இருந்துச்சு. ட்ராஃபிக் பத்தி ஒண்ணுமே கேக்கல. பழைய லாக் எவ்ளோ நாளுக்கு இருக்கு, அதையும் சேத்து தருவீங்களா, குக்கீ (லாகினை ஞாபகம் வெச்சுக்கற சின்ன ஃபைல்) எல்லாம் சர்வர்ல சேவ் ஆகுதா, ஃபார்ம்ல டைப் பண்றது லாக்ல விழுதா. எதுக்குன்னு கேட்டதுக்கு ஆராய்ச்சிக்குன்னாரு. சரக்கு கை மாறற வரைக்கும் பணத்தை நடுவுல ஒரு கம்பெனி பிடிச்சு வெச்சுக்கற எஸ்க்ரோ வேணாம், நேரா அனுப்பறேன்னும் சொன்னாரு.

இங்க ஒரு டெக்னிக்கல் விஷயம் சொல்லணும், நிறைய பேருக்கு தெரியாது. வெப் ப்ராக்ஸில பயனர் போற சைட் ஹெச்டிடிபிஎஸ்ஸா இருந்தாலும் பாதுகாப்பு நம்ம சர்வர் வரைக்கும்தான். சர்வர்தான் அந்தப் பக்கத்தை பிரிச்சு எடுத்து, லிங்க் எல்லாம் மாத்தி எழுதி, பயனருக்கு அனுப்புது. பையன் டைப் பண்ற பாஸ்வேர்ட் நம்ம சர்வருக்குள்ள வெறும் எழுத்தாதான் வரும். க்ளைப்ல குக்கீயை சர்வர்லயே வெச்சுக்கற வசதியும் உண்டு, அது ஆன்ல இருந்தா லாகின் பண்ணின நெலமைலயே அவங்க அக்கவுன்ட் சாவி எல்லாம் ஒரு ஃபோல்டர்ல கிடக்கும். அதை ஒருத்தன் எடுக்கணும்னு நெனச்சா நாலு வரி கோட் போதும். அப்படிப் பாத்தா அந்த ஆளு சைட்டையே வாங்க வரல.

தம்பிக்கு முதல்ல ஒத்துக்க மனசு வரல. "நாம வித்ததுக்கு அப்புறம் அவங்க என்ன பண்ணா நமக்கென்னண்ணே, அது அவங்க பொறுப்புதானே?"

"உன் சைட்டுன்னு நம்பித்தானே டைப் பண்றானுங்க, ஓனர் மாறினது அவனுங்களுக்கு எப்படி தெரியும்?"

"தெரியாதுதான். ஆனா ரெண்டாவது ஆளும் இதையே பண்ண மாட்டான்னு என்ன நிச்சயம்?"

அதுக்கு என்கிட்ட பதில் இல்ல, இப்பவும் இல்ல. வித்த பிறகு யாரையும் பிடிச்சு வெக்க முடியாது. கேக்கும்போதே லாக் கேக்கறவனுக்கு குடுக்காம இருக்கறது மட்டும்தான் நம்ம கையில இருக்கு, அதோட நாம குடுக்கற சர்வர் ஃபைல்ல பழசு எதுவும் இல்லாம துடைச்சுக் குடுக்கலாம். அரை நாள் பேசாம இருந்துட்டு சாயங்காலம் அவனே வேணாம்னு மெயில் போட்டுட்டான்.

ரெண்டாவது ஆளு 500ல ஆரம்பிச்சாரு. ஏற்கனவே பெரிய டெடிகேட்டட் சர்வர்ல இருபது முப்பது ப்ராக்ஸி ஓட்டறவரு. அவர் கேட்ட முதல் கேள்வியே எந்தெந்த நெட்வொர்க் இன்னும் திறந்திருக்குங்கறதுதான். நாங்க ஷீட்டை அனுப்பினதும் அடுத்த மெயில்ல விலையை அவரே 580 ஆக்கினாரு. காட்டினா குறையும்னு நெனச்சோம், இவர்கிட்ட ஏறுச்சு. காரணம் இருக்கு, எங்களுக்கு மாசம் 40 டாலர் செலவு, அவருக்கு அந்த சர்வர் ஏற்கனவே ஓடிட்டு இருக்கு, இன்னொரு சைட் சேத்தா கூடுதல் செலவு கிட்டத்தட்ட கிடையாது. அதுக்கு மேல, இந்த டொமைன் செத்தாலும் வர்ற மிச்சம் மீதி ஆளுங்களை அவரோட அடுத்த டொமைனுக்கு திருப்பி விடலாம். எங்களுக்கு 380 பெறுமான சைட் அவருக்கு அதைவிட நல்லாவே பெறும். 640ல முடிச்சோம், எஸ்க்ரோ ஃபீஸ் பாதிப்பாதி.

கை மாத்தினது

2010 பிப்ரவரி 20, சனிக்கிழமை. ட்ராஃபிக் இல்லாத நாளா பாத்து வெச்சோம், ஏதாச்சும் உடைஞ்சாலும் திங்கக்கிழமைக்குள்ள சரி பண்ணிடலாம். டொமைன் எந்த சர்வருக்குப் போகணும்னு சொல்ற டிஎன்எஸ் பதிவை மத்தவங்க எவ்ளோ நேரம் ஞாபகம் வெச்சுக்கலாம்ங்கறதுதான் டிடிஎல், அதை முந்தின நாளே ஒரு நாள்ல இருந்து 300 செகண்டுக்கு குறைச்சு வெச்சாச்சு, பழைய சர்வரை இன்னும் ஒரு வாரம் அணைக்காம விட்டோம்.

டொமைனை வேற ரெஜிஸ்ட்ராருக்கு (டொமைன் பதிவு பண்ற கம்பெனி) மாத்தல. அவரும் அதே ரெஜிஸ்ட்ரார்ல அக்கவுன்ட் வெச்சிருந்தாரு, ஸோ உள்ளுக்குள்ளயே புஷ் பண்ணிட்டோம், பத்து நிமிஷம். எஸ்க்ரோல பணம் விழுந்துடுச்சுன்னு அவங்க மெயில் வந்து, அதை நம்பாம சைட்டுல நேரா லாகின் பண்ணியும் பாத்த பிறகுதான் புஷ். போலி எஸ்க்ரோ மெயில்ல ஏமாந்தவங்க கதை நிறைய கேள்விப்பட்டிருக்கோம்.

ஆட்சென்ஸ் கோடை எடுத்துட்டோம், அக்கவுன்ட் ஆளோட போறது, சைட்டோட விக்க முடியாது. அனலிட்டிக்ஸையும் அப்போ ஒரு அக்கவுன்ட்ல இருந்து இன்னொண்ணுக்கு மாத்த வழி இல்ல, அவருக்கு பாக்கற அனுமதி மட்டும் குடுத்து வெச்சோம். லாக், சர்வர்ல கிடந்த குக்கீ, டெம்ப் ஃபோல்டர் எல்லாம் அழிச்சுட்டுதான் ஜிப் போட்டோம். அதனால வாடிக்கையா வர்றவங்க எல்லாரும் ஒரு தடவை லாக் அவுட் ஆயிருப்பாங்க, பரவால்ல. முதல் பக்கத்துல நிர்வாகம் மாறுதுன்னு ஒரு வரி போடணும்னு கேட்டோம், வாங்கறவர் கொஞ்சம் முணுமுணுத்துட்டு மூணு நாளைக்கு ஒத்துக்கிட்டாரு. எத்தனை பேரு படிச்சாங்களோ.

மூணு நாள் சோதிச்சு பாக்கற டைம் முடிஞ்சு பணம் ரிலீஸ் ஆச்சு.

அப்புறம் நடந்தது

வாங்கினவர் ஜூன்ல மெயில் போட்டாரு, வேற ஏதாச்சும் இருக்கான்னு கேக்கறதுக்கு. அப்போ பேச்சுவாக்குல சொன்னது, மார்ச் நடுவுல இன்னொரு பெரிய அடி விழுந்துச்சாம், ஒரே வாரத்துல பாதி போச்சு. நாங்க போட்ட கணக்கை விட வேகம். மே மாசத்துல டொமைனை அவரோட புது ப்ராக்ஸிக்கு திருப்பி விட்டுட்டாரு. போட்ட காசு வந்துடுச்சு, பெருசா ஒண்ணும் நிக்கலன்னாரு. அந்த மார்ச் அடியை வெச்சு பாத்தா, நாங்க வெச்சிருந்தா 380 கூட வந்திருக்காது, 250 தேறியிருந்தா அதிகம்.

தம்பியோட கணக்குல ஆட்சென்ஸ் அக்கவுன்ட் சேதாரமில்லாம தப்பிச்சது தனி லாபம். ப்ராக்ஸி வழியாவே நம்ம முதல் பக்கத்துக்கு வந்து விளம்பரத்தை கிளிக் பண்றவன் இருப்பான், அது நம்ம சர்வர் ஐபில இருந்து வந்த கிளிக்கா தெரியும், நாமளே கிளிக் பண்ணின மாதிரி ஆயிடும். எங்க டொமைனையே ப்ராக்ஸில திறக்க விடாம ஆரம்பத்துல தடுத்து வெச்சது எவ்ளோ நல்லதுன்னு அப்புறம்தான் தெரிஞ்சுது.

திரும்ப பண்றதா இருந்தா

நவம்பர்லயே வித்திருப்போம், அதுல சந்தேகமே இல்ல. மூணு மாசக் கணக்குங்கற விதி நிலைச்சு நிக்கற சைட்டுக்கு. இதுல வாங்கறவன் காசு குடுக்கறது இன்னும் எத்தனை நாள் ஓடும்ங்கறதுக்கு, இதுவரைக்கும் எத்தனை நாள் ஓடுச்சுங்கறதுக்கு இல்ல. நெட்வொர்க் ஷீட்டை செப்டம்பர்ல இருந்தே வாரா வாரம் எழுதியிருந்தா முதல் நெட்வொர்க் சைபர் ஆன அன்னைக்கே, அது நவம்பர் 20ஐ ஒட்டி நடந்திருக்கு, மணி அடிச்ச மாதிரி தெரிஞ்சிருக்கும். அப்போ அந்த 1,000 டாலர்காரர் இன்னும் பேசிட்டு இருந்தாரு.

ஏலத்துக்கு பதிலா நேரா போய் கேட்டிருக்கணும்னும் தோணுது. பொது ஏலத்துல பாதி பேரு வேடிக்கை பாக்கறவங்க. ஏற்கனவே ப்ராக்ஸி ஓட்டற பத்து பேருக்கு மெயில் போட்டிருந்தா போதும், அவங்களுக்குத்தான் இதோட மதிப்பு அதிகம், அவங்களுக்கு விளக்கமும் தேவையில்ல. அவங்க மெயில் ஐடி எல்லாம் அவங்கவங்க சைட்டோட அடியிலயே இருந்துச்சு.

லாக் விஷயத்துல 7 நாள் வெச்சது சரிதான்னு இன்னும் நெனைக்கறேன், குறைச்சா கம்ப்ளெய்ன்ட் வர்றப்போ கைல ஒண்ணும் இருக்காது, கூட்டினா விக்கறப்போ அதுவே ஒரு சரக்கா மாறிடும். குக்கீயை சர்வர்ல வெக்கற வசதியை மட்டும் முதல் நாளே அணைச்சிருக்கணும்.

இப்போ இந்தக் கணக்கெல்லாம் அப்படியே ஒத்துவராது. 2011ல ஃபேஸ்புக் வேணும்னா ஹெச்டிடிபிஎஸ் போட்டுக்கலாம்னு விட்டு 2013ல எல்லாருக்குமே ஆக்கிடுச்சு, பக்கங்கள் எல்லாம் ஜாவாஸ்கிரிப்ட் மயமாயிடுச்சு, க்ளைப் மாதிரி லிங்க்கை மாத்தி எழுதற ஸ்கிரிப்ட்டுங்க திணற ஆரம்பிச்சுது. அதைவிட பெரிய அடி, பசங்க பாக்கெட்லயே சொந்த டேட்டாவோட போன் வந்துடுச்சு. ஸ்கூல் ஃபில்டரை தாண்டற அவசியமே பாதி போச்சு.

அந்த டொமைனை வாங்கினவர் 2010 ஆகஸ்ட்ல ரெனியூ பண்ணல. கிரேஸ் பீரியட் எல்லாம் தாண்டி நவம்பர்ல யாரு வேணும்னாலும் எடுக்கலாம்ங்கற நெலமைக்கு வந்துச்சு. தம்பி அதை பாத்துட்டு அன்னைக்கு ராத்திரியே போன் பண்ணான். "அண்ணே, நம்ம டொமைன் சும்மா கிடக்குண்ணே. பத்து டாலர்தான், எடுத்துடட்டுமா?"

ஃபில்டர் கம்பெனிங்க சிலது ஒரு டொமைன் எந்த வகைல இருக்குன்னு பாக்கறதுக்கு ஒரு பக்கம் வெச்சிருப்பாங்க, அதுல மூணுல போட்டுப் பாருன்னு சொன்னேன். பத்து நிமிஷத்துல திரும்ப கூப்பிட்டான். மூணுலயும் ப்ராக்ஸின்னே இருந்துச்சு. எடுக்கல.